வாசலைத் தாண்டினால்தான் கணக்கு: வேண்டாத சாமானைக் கழிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

முதன்முதலாக வீட்டை ஒழித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்குச் செலவழித்தேன். அலமாரி, பரண், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகள் என எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டிப் பிரித்து, சாயங்காலத்துக்குள் ஆறு பெரிய மூட்டை கட்டிவிட்டேன். ‘யாருக்காவது கொடுக்கணும்’ என்று அந்த ஆறையும் கதவுக்குப் பின்னால் அடுக்கினேன். நான்கு மாதம் அவை அங்கேயே இருந்தன. நடுவில் ஒருநாள் மழைக்கோட்டு தேடி ஒரு மூட்டையைப் பிரித்தேன். இன்னொரு நாள் வீட்டில் வேறு யாரோ ஒரு போர்வையை உருவினார்கள். பிரித்ததை யாரும் திரும்பக் கட்டவில்லை. கடைசியில் பாதிச் சாமான் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

பிரிப்பது பாதி வேலைகூட இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பொருள் வாசலைத் தாண்டி, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் இங்கே வாசலிலிருந்து தொடங்கி உள்ளே போகலாம்.

போகும் வழியை முதலில் போடுங்கள்

எந்தப் பொருளையும் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் சாமான் எங்கெல்லாம் போக முடியும் என்று எழுதுங்கள். துணியை யார் வாங்கிக்கொள்வார்கள்? புத்தகத்தை எந்த நூலகம், எந்தப் பள்ளி எடுத்துக்கொள்ளும்? மேசை, நாற்காலி மாதிரிப் பெரியவற்றை யார் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போவார்கள்? பழைய பேப்பர், இரும்பு, பாட்டில் எல்லாம் எங்கே போடுவது? மின்சாதனக் கழிவை வாங்கும் இடம் எது? காலாவதியான மருந்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் மருந்துக்கடை பக்கத்தில் இருக்கிறதா?

எழுதியதும் ஒவ்வோர் இடத்துக்கும் போன் போட்டுக் கேளுங்கள். நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான். ஒரு முதியோர் இல்லத்துக்குப் போர்வையும் துண்டும் அவசரமாகத் தேவைப்படலாம். இன்னோர் இல்லத்தில் ஏற்கெனவே துணி மலையாகக் குவிந்திருக்கலாம். விலங்குக் காப்பகங்கள் பலவும் பழைய துண்டு, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் கறை இருந்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். பழைய பதிப்புப் பாடப்புத்தகத்தைப் பெரும்பாலான நூலகங்கள் எடுப்பதில்லை. கேட்காமல் கொண்டுபோய் இறக்கினால் நம் வீட்டு அடைசல் அவர்கள் இடத்துக்கு மாறும், அவ்வளவுதான். அதைப் பிரிக்க அவர்கள் ஆள் தேட வேண்டும், கழிக்கக் காசும் செலவழிக்க வேண்டும்.

எதைக் கொடுக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: நெருங்கிய நண்பர் ஒருவர் கேட்டால் கூச்சமில்லாமல் இதை அவர் கையில் தருவேனா? தருவேன் என்றால் கொடுக்கலாம். சட்டையில் பொத்தான் அறுந்திருந்தால் தைத்து, துவைத்து, மடித்துக் கொடுங்கள். கிழிந்ததையும் சாயம் போனதையும் ‘இல்லாதவங்களுக்கு இது போதும்’ என்று தள்ளிவிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. வாங்குகிறவருக்கும் மானம் உண்டு.

பார்க்க நன்றாக இருந்தாலும் கொடுக்கக் கூடாதவை சில உண்டு. அடிபட்ட ஹெல்மெட் அதில் முதல். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கிவிட்டால் அடுத்த அடியைத் தாங்காது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விபத்தில் சிக்கியதோ தேதி கடந்ததோ ஆன குழந்தைகளின் கார் இருக்கை, வயர் உரிந்த மின்சாதனம், திறந்த அழகுசாதனப் பொருள், எந்த மருந்தானாலும் மருந்து ஆகியவற்றையும் கை மாற்றாதீர்கள்.

விற்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக விற்கலாம், ஆனால் கெடு வைத்து. இரண்டு வாரம் போதும். அதற்குள் போகாவிட்டால் இலவசமாகக் கொடுக்கும் பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள். நல்ல விலைக்காகக் காத்திருக்கும் பொருள்தான் வீட்டில் மிக நீண்ட நாள் தங்கும்.

கடைசியாக, நாள் குறியுங்கள். ‘வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்துப்போக வருகிறார்கள்’ என்று ஒரு ஏற்பாடு இருந்தால், வெள்ளிக்கிழமை ராத்திரி கை தானாக வேகம் எடுக்கும்.

ஓர் இழுப்பறையில் தொடங்குங்கள்

பரணில் தொடங்காதீர்கள். புகைப்படப் பெட்டியில் கண்டிப்பாக வேண்டாம், முதல் படத்திலேயே உட்கார்ந்துவிடுவோம். அடுக்கி வைக்க அழகான டப்பாக்கள் வாங்குவதும் இப்போது வேண்டாம். எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் வாங்கும் டப்பாவும் இன்னொரு சாமான்தான்.

ஓர் இழுப்பறை, நாற்பது நிமிடம். அதற்கு மேல் முதல் நாளில் வேண்டாம். கை வலிப்பதற்கு முன்னால் மனம் களைத்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. களைத்த பிறகு எடுக்கும் முடிவு பெரும்பாலும் ‘சரி, இருக்கட்டும்’ என்றுதான் முடியும்.

இழுப்பறையை முழுதாகக் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே வைத்தபடியே தேவையில்லாததை மட்டும் பொறுக்கினால் நாலைந்துதான் வெளியே வரும். முழுதும் காலி செய்து, ஈரத்துணியால் துடைத்த பிறகு, ஒவ்வொன்றையும் திரும்ப உள்ளே வைக்கத்தான் காரணம் தேட வேண்டும். வெளியே போவதற்கு இல்லை.

என் மேசை இழுப்பறையைக் கவிழ்த்தபோது பதினொரு பேனா விழுந்தன, எழுதியவை நான்கு. எந்தப் பூட்டுக்கும் சேராத ஏழு சாவிகள் ஒரு வளையத்தில் இருந்தன. ரப்பர் பேண்டுகள் தொட்டதும் அறுந்தன. எப்போதோ போய்விட்ட டிவியின் ரிமோட் ஒன்று. அதன் பின்மூடியைத் திறந்தால் பேட்டரி கசிந்து, கம்பிச்சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். அதை வெறுங்கையால் தொடாதீர்கள்.

வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்றே எல்லாரும் நினைக்கிறோம். பெரும்பாலான பொருள் அப்படி இருப்பதில்லை. ‘விசேஷத்துக்குப் போடலாம்’ என்று எடுத்து வைத்த ஷூவின் அடிப்பகுதி பாலியூரித்தேனால் ஆனது என்றால், காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து சில வருடங்களில் தானாக உதிரும், ஒருநாள்கூடப் போடாவிட்டாலும். செயற்கைத் தோல் பை செதில் செதிலாக உரியும். பசை காயும். காகிதத்தையும் அட்டையின் பசையையும் இராமபாணப் பூச்சி அரிக்கும். இன்று ஒருவருக்கு உதவக்கூடிய நிலையில் இருக்கும் பொருள், ஐந்து வருடம் பரணில் இருந்த பிறகு குப்பைக்குத்தான் ஆகும். கொடுப்பதென்றால் அதற்கும் ஒரு காலம் இருக்கிறது. இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன், ஒரு பெட்டி நிறையக் குழந்தை உடுப்புகள் மஞ்சள் பூத்துக் கிடப்பதைப் பார்த்த பிறகு.

முதல் இழுப்பறை முடிந்ததா? குப்பையை உடனே, அன்றைக்கே வெளியே வையுங்கள். அடுத்த நாட்களில் இந்த வரிசை எனக்குச் சரியாக வந்தது: குளியலறை, மருந்துப் பெட்டி, துணி, சமையலறை, காகிதம், மின்சாதனம், எல்லாம் முடிந்த பிறகு நினைவுப் பொருள்கள். மனசு வலிக்காதவற்றில் கை பழகினால்தான் வலிக்கிற இடத்துக்குப் போகும்போது தைரியம் இருக்கும்.

கையில் எடுத்ததும் என்ன கேட்பது

நான்கு குவியல் போடுங்கள்: இருப்பது, கொடுப்பது, கழிப்பது, சந்தேகம். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஐந்தாவது குவியல் எட்டிப் பார்க்கும். விடாதீர்கள்.

ஒவ்வொரு பொருளிடமும் நான் கேட்பது: இது இன்று என்னிடம் இல்லை என்றால், காசு கொடுத்து மறுபடி வாங்குவேனா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. டேனியல் கானமனும் ரிச்சர்ட் தேலரும் இன்னோர் ஆய்வாளரும் சேர்ந்து 1990-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார்கள். என்ன விலைக்கு விற்பாய் என்று அவர்களிடமும், என்ன விலைக்கு வாங்குவாய் என்று மற்றவர்களிடமும் கேட்டார்கள். கோப்பை கிடைத்தவர்கள் சொன்ன விலை, வாங்குபவர்கள் சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்று முன்னால் கிடைத்த கோப்பைக்கே அப்படி என்றால், பத்து வருடம் நம் அலமாரியில் இருந்ததற்குக் கேட்கவா வேண்டும்! ‘மறுபடி வாங்குவேனா’ என்று கேட்கும்போது, விற்பவர் இடத்திலிருந்து எழுந்து வாங்குபவர் இடத்தில் போய் உட்காருகிறோம்.

தொட்டாலே ‘என்னுது’ என்ற எண்ணம் கூடும் என்று 2009-ல் வெளியான ஓர் ஆய்வும் சொல்கிறது. அதனால் தடுமாறும் பொருள்களை வேறொருவரைக் கையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் பார்த்து மட்டும் சொல்லுங்கள். என் தங்கை எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டையாகத் தூக்கிக் காட்டினாள். தனியாக ஒரு மணிநேரம் முழித்துக்கொண்டிருந்த குவியல் கால்மணி நேரத்தில் தீர்ந்தது.

‘இவ்வளவு காசு போட்டு வாங்கினதாச்சே’ என்று தோன்றும். அந்தக் காசு வாங்கிய அன்றைக்கே போய்விட்டது. பொருளை வைத்திருந்தால் காசு திரும்பி வராது, இடமும் சேர்ந்து போகும்.

‘என்னிக்காவது உதவும்’ என்பதற்கு மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். அது வெறும் பேராசை இல்லை. இல்லாமையில் வளர்ந்தவர்களுக்கு அது அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம். அதை மதித்துத்தான் கேட்க வேண்டும்: எதற்கு உதவும்? எப்போது? அன்றைக்கு இது இல்லாவிட்டால் என்ன செய்வேன்? பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கலாம், எளிதில் வாங்கிவிடலாம், வேறொன்றை வைத்துச் சமாளிக்கலாம் என்றால் அது போகலாம். கிடைக்காமல் தவிப்பேன் என்றால் இருக்கட்டும். அவசர விளக்கு, முதலுதவிப் பெட்டி, நல்ல கருவிகள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறைதான் எடுப்போம். ‘ஆறு மாதமாகத் தொடவில்லை, அதனால் போகட்டும்’ என்ற விதியை இவற்றின் மேல் பூட்டாதீர்கள்.

முடிவு வரவில்லையா, சந்தேகப் பெட்டியில் போடுங்கள். நிறைந்ததும் டேப் ஒட்டி, ஆறு மாதம் கழித்து வரும் ஒரு தேதியை மேலே பெரிதாக எழுதுங்கள். காகிதம், நகை, சாவி, போட்டோ எதையும் இதற்குள் போடாதீர்கள்.

துணி

போட்டுப் பாருங்கள். மடித்தபடி பார்த்தால் எல்லாச் சட்டையும் நல்ல சட்டைதான். கண்ணாடி முன்னால் நின்று, கையைத் தூக்கி, உட்கார்ந்து பார்த்தால் தோள் இழுப்பதும் கழுத்து உறுத்துவதும் உடனே தெரியும். உடம்பு இளைத்தால் போடலாம் என்று வைத்திருப்பவை பலரிடம் ஒரு தட்டு நிறைய இருக்கும். தினமும் அலமாரியைத் திறக்கும்போது அந்தத் தட்டு மனசைக் கொஞ்சம் குத்தும். இப்போது இருக்கிற உடம்புக்கு ஏற்ற துணி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், மற்றதில் ரொம்பப் பிடித்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் போடுகிறோம் என்றே தெரியவில்லை என்றால், ஹேங்கர்கள் எல்லாவற்றையும் கொக்கி உங்களைப் பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள். போட்டுத் துவைத்த துணியை மட்டும் வழக்கமான பக்கமாக மாட்டிவாருங்கள். ஒரு வருடம் ஆன பிறகும் திரும்பாத ஹேங்கரில் இருப்பது நீங்கள் போடாத துணி. குளிர்கால உடுப்பும் இருப்பதால் முழு வருடமும் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

கிழிந்ததைத் துடைக்கும் துணியாக வெட்டலாம். ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை துடைக்கும் துணி வேண்டும்? பத்து இருந்தால் ஏராளம். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பையிலும் கையை விட்டுப் பாருங்கள். காசு, மோதிரம், மடித்த கடிதம் எல்லாம் நம் வீட்டுத் துணியிலிருந்தே கிடைக்கும்.

மருந்தும் குளியலறையும்

இங்கே மனசுக்கு வேலை இல்லை, தேதிக்குத்தான் வேலை. காலாவதியானவற்றையும் பெயர் அழிந்துபோனவற்றையும் தனியே எடுங்கள். பல கண் சொட்டு மருந்துகளைத் திறந்து நான்கு வாரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, புட்டியில் இருக்கும் தேதி திறக்காத புட்டிக்கு. லேபிளைப் படியுங்கள். போன தடவை முழுதாகச் சாப்பிடாமல் மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் இருந்தால் அதுவும் போகட்டும், அடுத்த காய்ச்சலுக்கு நாமாக எடுத்துப் போடுவது ஆபத்து.

மருந்தைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள், தண்ணீரில் கலந்துவிடும். அப்படித்தான் கழிக்க வேண்டும் என்று லேபிளிலேயே போட்டிருக்கும் சில கடுமையான வலி மருந்துகள் மட்டும் விலக்கு. திருப்பி வாங்கும் மருந்துக்கடை இருந்தால் அங்கே கொடுப்பதுதான் நல்லது. இல்லாவிட்டால் மாத்திரையை உறையிலிருந்து பிரித்து, மண்ணோடு கலந்து, பையில் கட்டி, குழந்தைகளும் பிராணிகளும் தொட முடியாதபடி குப்பையில் சேருங்கள். புட்டியில் உங்கள் பெயர் இருந்தால் கிழித்துவிடுங்கள்.

கிரீம், லோஷன் புட்டிகளின் பின்னால் திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படமும், அதில் 6எம் அல்லது 12எம் என்றும் இருக்கும். திறந்ததிலிருந்து அத்தனை மாதம் என்று அர்த்தம்.

சமையலறை சுலபம். இரட்டையாக இருப்பது, மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, ஒருமுறை பயன்படுத்தி மூலையில் வைத்த கருவி. மூடிகளையும் டப்பாக்களையும் தரையில் பரப்பி ஜோடி சேருங்கள், சேராதது போகட்டும்.

காகிதம்

காகிதத்தில் அவசரப்படக் கூடாது. தப்பாகக் கழித்துவிட்ட சட்டைக்குப் பதில் சட்டை வாங்கிக்கொள்ளலாம். தொலைந்த பத்திரத்துக்கு நகல் வாங்க நாயாக அலைய வேண்டும்.

மூன்றாகப் பிரியுங்கள். என்றைக்கும் இருக்க வேண்டியவை முதலில்: பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்கள், படிப்புச் சான்றிதழ்கள், சொத்துப் பத்திரங்கள், உயில், கடன் முடிந்ததற்கான சான்று. அடுத்து, சில வருடங்கள் இருக்க வேண்டியவை: வரி, காப்பீடு, மருத்துவ அறிக்கைகள். எத்தனை வருடம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் வரிக் கணக்கரிடம் கேட்டு அந்த எண்ணை உறையின் மேலேயே எழுதிவையுங்கள். கடைசியாக, பொருள் இருக்கும்வரை மட்டும் தேவைப்படுபவை: உத்தரவாத அட்டை, ரசீது. கடை ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். வெயிலும் சூடும் பட்டால் எழுத்து மங்கி வெற்றுத்தாளாகிவிடும். வாங்கிய அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.

இந்த மூன்றிலும் சேராதது போகலாம். அடையாள எண், வங்கிக் கணக்கு எண், கையெழுத்து இருக்கும் தாளை இரண்டாகக் கிழித்தால் போதாது. துண்டாக்கும் இயந்திரம் இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிசைந்து கூழாக்குங்கள்.

புத்தகம் கொடுக்கும்போது முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறுங்கள். தங்கையின் மதிப்பெண் சான்றிதழின் மூலப்பிரதியை ஒரு வருடம் தேடினோம். அது ஒரு பழைய அகராதிக்குள் இருந்தது, அந்த அகராதி கொடுக்கும் குவியலில் இருந்தது. போட்டோ சட்டத்தின் பின்னட்டையையும் கழற்றிப் பாருங்கள்.

வயர், போன், பேட்டரி

எல்லார் வீட்டிலும் ஒரு வயர்ப் பெட்டி உண்டு. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு வயரையும் எடுத்து, வீட்டில் இப்போது இருக்கும் சாதனங்களில் பொருத்திப் பாருங்கள். பொருந்தியதில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். எதற்கும் பொருந்தாதது மின்கழிவு.

பழைய போனைக் கொடுக்கும் முன் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்துக்கு மாற்றுங்கள். வங்கிக்கான அங்கீகாரச் செயலி அதில் இருந்தால் புதுப் போனில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு கணக்கிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, கடைசியாக எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்குங்கள். கணக்கிலிருந்து வெளியேறாமல் அழித்தால் பல போன்கள் பூட்டிக்கொள்ளும், வாங்கியவருக்கு உதவாது. கணினியின் ஹார்டு டிஸ்கில் கோப்பு ஒன்றை நீக்கினாலும் அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை தகவல் உள்ளேயே இருக்கும். அதற்கான மென்பொருளால் முழுதாக அழிக்க வேண்டும், அல்லது டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கணினியைக் கொடுக்க வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். லித்தியம் பேட்டரியைச் சாதாரணக் குப்பையில் போட்டால், குப்பை வண்டியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். உப்பிய போனை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. இழுப்பறையில் கிடக்கும் பொத்தான் பேட்டரிகளைக் குழந்தை கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

2022-ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் இருக்கிறது என்றும் ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நம் வயர்ப் பெட்டியைச் சரியான இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க ஆகும் அரை நாள் வீண் இல்லை.

அடுத்தவர் பொருள்

உங்களுடையதல்லாததைத் தொடாதீர்கள். வீட்டுக்காரர் வெளியே போன நேரத்தில் அவர் பெட்டியைக் கழிப்பது, பிள்ளை பள்ளிக்குப் போனதும் பொம்மையைக் கொடுத்துவிடுவது எல்லாம் இடத்தைத் தரும், நம்பிக்கையை எடுத்துக்கொண்டு போகும். முதலில் உங்கள் அலமாரியை முடியுங்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் தானாக வருவார்.

அம்மாவின் தையல் மெஷின் ஜன்னல் பக்கம் துணி போர்த்தி நின்றுகொண்டிருந்தது.

“இதை எடுத்து எத்தனை வருஷம் ஆச்சும்மா?”

“ஆகட்டுமே. ஓடுற மெஷின்.”

“ஓடும்மா. யாரு ஓட்டப் போறா?”

அம்மா பதில் சொல்லவில்லை. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. சில வாரம் கழித்து, தெரிந்த பெண் ஒருத்தி தையல் கற்றுக்கொள்கிறாள், மெஷின் இல்லாமல் கஷ்டப்படுகிறாள் என்று சாதாரணமாகப் பேச்சு வந்தது. அன்று ராத்திரி அம்மாவே சொன்னார்: “அந்தப் பொண்ணை வந்து எடுத்துக்கச் சொல்லு. ஆனா மாசம் ஒருதடவை எண்ணெய் விடணும்னு சொல்லிக் கொடு.” அந்தப் பெண் வந்தபோது எண்ணெய் விடும் ஏழு துளைகளையும் அம்மாவே ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

யாரிடம் போகிறது என்று தெரிந்தால் பெரியவர்களின் பிடி தளரும். ‘இதைப் போட்டுடலாமா’ என்று கேட்காமல், ‘இது இன்னாருக்கு வேணுமாம், கொடுக்கலாமா’ என்று கேளுங்கள். பிள்ளைகளிடம் எதைக் கொடுக்கலாம் என்று கேட்பதைவிட, ‘இந்தப் பெட்டி நிறைய நீ வச்சுக்கலாம், எதெல்லாம் வேணும்’ என்று கேட்டால் அழுகை இருக்காது.

ஒன்று கவனியுங்கள். பொருளைப் பிரிவது என்றாலே ஒருவர் தாங்க முடியாமல் தவிக்கிறார், அறைகளில் நடக்கவே வழியில்லை, குப்பையைக்கூட விட முடியவில்லை என்றால் அது சோம்பல் இல்லை. 2013-ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் பதுக்கல் கோளாறு தனி நோயாகவே சேர்க்கப்பட்டது. அவர் வீட்டை நாம் புகுந்து காலி செய்தால் துயரம் அதிகமாகும், சாமானும் திரும்பச் சேரும். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

நினைவுப் பொருள்கள்

அப்பா போன பிறகு அவருடைய கருவிப் பெட்டியை மூன்று வீடு மாறியும் திறக்காமலே தூக்கிக்கொண்டு போனோம். ஒருநாள் திறந்தேன். முப்பதுக்கு மேல் கருவிகள், எல்லாம் எண்ணெய் துடைத்து வைத்தவை. ஒரு திருப்புளியின் கைப்பிடியில் அவர் சுற்றிய கறுப்பு டேப் இருந்தது, அவருடைய கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டேன். மற்றதையெல்லாம், புதிதாகத் தொழில் தொடங்கிய ஒரு மெக்கானிக் பையனிடம் கொடுத்தேன். ஒரு பெட்டி முழுக்க இருந்தபோது திறக்கவே பயந்தேன். இப்போது அந்தத் திருப்புளி என் மேசையில் இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு தடவையாவது கையில் எடுக்கிறேன்.

அதனால் நான் சொல்வது: ஒருவருடைய நினைவுக்கு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டாம், அவர் கை அதிகம் பட்டதைத் தேடி எடுங்கள். போவதை ஒரு போட்டோ எடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதிகளில், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பொருளைக் கொடுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். அப்படிக் கேட்ட இடத்தில் 613 பொருள்கள் வந்தன, வெறுமனே கொடுக்கச் சொன்ன இடத்தில் 533. 2017-ல் அந்த ஆய்வு வெளியானது. போட்டோவின் கூடவே அந்தப் பொருளின் கதையையும் நாலு வரி எழுதிவைத்தால், பின்னால் பிள்ளைகளுக்கும் புரியும்.

இதில் கெடு வேண்டாம். துக்கம் புதிதாக இருக்கும்போது இந்தப் பெட்டிகளைத் தொடவே வேண்டாம்.

திரும்பச் சேராமல் இருக்க

வாசல் பக்கத்தில் ஒரு பை எப்போதும் தொங்கட்டும். வேண்டாதது கண்ணில் பட்ட நேரத்தில் அதில் போடுங்கள், நிறைந்ததும் போகட்டும். அளவு தெரிந்த பொருள்களுக்கு, ஒன்று வந்தால் ஒன்று போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: செருப்பு, பை, துண்டு, கோப்பை. அவசரமில்லாததை வாங்கத் தோன்றினால் தேதி போட்டு எழுதி, ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். என் பட்டியலில் பாதிக்கு மேல் ஏன் எழுதினேன் என்றே மறந்திருக்கும்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோ 1769-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்குப் புதிதாக ஓர் அழகான அங்கி கிடைத்தது. அதன் பக்கத்தில் பழைய நாற்காலி பொருந்தவில்லை, மாற்றினார். மேசை பொருந்தவில்லை, அதையும் மாற்றினார். அப்படியே அறை முழுக்க மாறியது, பழைய அங்கிக்காக அவர் ஏங்கினார். ஒரு புதுப் பொருளை வீட்டுக்குள் விடும்போது, அது இன்னும் எதையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும் என்று ஒருநிமிடம் யோசியுங்கள்.

சந்தேகப் பெட்டியின் தேதி வரும். அதற்குள் உள்ளிருக்கும் ஏதாவது தேவைப்பட்டால் டேப்பைப் பிரித்து அதை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி ஒட்டுங்கள். தேதி அன்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பழைய பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கும். அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து ஆறு மாதத்தில் எடுத்தது இரண்டே பொருள்: ஓர் அளவு நாடா, ஒரு குடை. மீதியை அன்று சாயங்காலமே வந்து எடுத்துப் போனார்கள்.